கணப்பொழுதில் உதிரும் கார் கண்ணாடி: காரணம் என்ன, காத்துக்கொள்வது எப்படி?

பெருங்கடவிளை (திருவனந்தபுரம் மாவட்டம்): கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், நெய்யாற்றின் கரையோரம் அமைந்துள்ளது அருவிப்புரம். 1888ஆம் ஆண்டு சிவராத்திரி நாளில் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்த தலம் இது. சிவராத்திரி விழாவுக்கும், கர்க்கடக மாத அமாவாசை நாளில் முன்னோர்க்குப் பலி இடுவதற்கும் கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களில் இருந்தும் மக்கள் இங்கு வருகின்றனர். ஆற்றில் இறங்குவோர் பணப்பையையும் கைப்பேசியையும் கையில் வைத்திருக்க இயலாது. அவற்றைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் செல்வதே வழக்கம்.

பூட்டிய காரில் இருக்கும் பொருள் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையே இந்த வழக்கத்துக்கு அடிப்படை. ஆனால் காரின் பூட்டு கதவுக்கு மட்டுமே காவல். கதவில் உள்ள கண்ணாடி, அடிபட்டால் உடனே நொறுங்கி உதிர்ந்துவிட வேண்டும் என்ற நோக்கத்துடனேயே தயாரிக்கப்படுகிறது. கார் கண்ணாடியை உடைத்துத் திருடுவோர் பயன்படுத்திக்கொள்வது இந்தத் தன்மையைத்தான். அது எவ்வாறு நிகழ்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, கார் உரிமையாளர் செய்யக்கூடியது என்ன என்பதை இந்தத் தொகுப்பு விளக்குகிறது.

எல்லைச் சாலையில் பயணிக்கும் ஆவணங்கள்

பெருங்கடவிளைக்குத் தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியாகக் கன்னியாகுமரி நோக்கிச் செல்கிறது தேசிய நெடுஞ்சாலை 66. கிழக்கே வெள்ளறடை, பனச்சமூடு பகுதிகளிலும் கிராமச் சாலைகள் மாநில எல்லையைக் கடக்கின்றன. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நீடித்தது. எல்லை பிரிந்தாலும் போக்குவரத்து குறையவில்லை.

கன்னியாகுமரி மாவட்ட மக்கள் வெளிநாடு செல்வதற்கு நாடும் விமான நிலையம் திருவனந்தபுரத்தில்தான் உள்ளது. மண்டல புற்றுநோய் மையம், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் ஆகியவற்றில் சிகிச்சை பெறுவோரும் இதே சாலையில் பயணிக்கின்றனர். எனவே, இந்தச் சாலையோரத்தில் தேநீருக்காகச் சில நிமிடங்கள் நிறுத்தப்படும் காரில் கடவுச்சீட்டு, விசா, மருத்துவ அறிக்கைகள், சிகிச்சைக்கான ரொக்கம் போன்றவை இருக்க வாய்ப்புண்டு. திருடனுக்குப் பயன்படாத கடவுச்சீட்டு குப்பையில் வீசப்படலாம். அதைப் பறிகொடுத்தவரோ வெளிநாட்டு வேலையையே இழக்க நேரிடலாம். உடைந்த கண்ணாடியை மாற்றும் செலவைவிட இந்த இழப்பு பன்மடங்கு பெரியது.

ராஜ்கோட் வழக்கு காட்டியது என்ன?

இத்தகைய திருட்டு எவ்வாறு நடக்கிறது என்பதற்கு 2024ஆம் ஆண்டு குஜராத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் எடுத்துக்காட்டு. அந்த ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஜாம்நகரில் அம்பானி குடும்பத்தின் திருமணத்துக்கு முந்தைய விழா நடைபெற்றது. அங்கு கைவரிசை காட்டும் திட்டத்துடன் ஒரு குழு சென்றதாகவும், கடும் பாதுகாப்பு காரணமாக அது நிறைவேறாததால் ராஜ்கோட்டில் நிறுத்தப்பட்டிருந்த விலையுயர்ந்த கார் ஒன்றின் கண்ணாடியை உடைத்து 10 லட்சம் ரூபாய் ரொக்கத்தையும் மடிக்கணினியையும் எடுத்துச் சென்றதாகவும் ராஜ்கோட் காவல்துறை தெரிவித்தது. இது தொடர்பாகத் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த 5 பேர் கைது செய்யப்பட்டனர். கண்ணாடியை உடைக்கப் பயன்பட்டதாகக் கூறப்பட்டது உண்டிவில்.

சிறுவர்கள் மாங்காய் அடிக்கும் உண்டிவில்லும் ஒரு சிறு குண்டும் விலையுயர்ந்த காரின் பாதுகாப்பைத் தகர்த்துவிட்டன. காரின் விலைக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியின் தாங்குதிறனுக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பதை இந்தச் சம்பவம் உணர்த்துகிறது. குற்றம் நடந்த இடத்துக்கும் குற்றம் சாட்டப்பட்டோரின் ஊருக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருந்ததும் கவனத்துக்குரியது. ஓர் ஊரில் உடைத்துவிட்டு, புகார் பதிவாகும் முன்பே அடுத்த ஊருக்கோ அடுத்த மாநிலத்துக்கோ நகர்ந்துவிடுவது இத்தகைய குழுக்களின் இயல்பு. மாநில எல்லையை ஒட்டிய கிராமங்களில் அந்த நகர்வுக்குச் சில நிமிடங்களே போதுமானவை.

ஒரே காரில் இரண்டு வகைக் கண்ணாடிகள்

காரின் முன்புறக் கண்ணாடியும் பக்கவாட்டுக் கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் தயாரிப்பில் முற்றிலும் வேறானவை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி, வாகனங்களில் பாதுகாப்புக் கண்ணாடியே பொருத்தப்பட வேண்டும் என்று கூறுகிறது. முன்புறக் கண்ணாடி 'லேமினேட்டட்' எனப்படும் அடுக்குக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் அடங்கும்.

அடுக்குக் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒளி ஊடுருவும் நெகிழித் தாளை வைத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டியது. கல் பட்டால் சிலந்தி வலைபோல விரிசல் விடும்; ஆனால் துண்டுகள் அந்தத் தாளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். விபத்தின்போது பயணி முன்புறமாக வெளியே தூக்கி எறியப்படாமல் தடுப்பதும் இதன் பணி. திருடர்கள் பொதுவாக முன்புறக் கண்ணாடியைத் தொடாததற்கு இதுவே காரணம்.

பக்கவாட்டுக் கதவுகளிலும் பின்புறத்திலும் பெரும்பாலான கார்களில் இருப்பது 'டெம்பர்டு' கண்ணாடி. தேவையான அளவில் வெட்டி வளைத்த கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கும் அதிகமாகச் சூடாக்கி, இருபுறமும் குளிர்ந்த காற்றை வேகமாகப் பீய்ச்சுகின்றனர். மேற்பரப்பு உடனே குளிர்ந்து இறுகிவிடுகிறது. நடுப்பகுதி பின்னர் மெதுவாகக் குளிர்ந்து சுருங்க முயலும்போது, இறுகிவிட்ட மேற்பரப்பைத் தன்பால் இழுக்கிறது. இதனால் மேற்பரப்பு எப்போதும் அமுக்கப்பட்ட நிலையிலும், நடுப்பகுதி எப்போதும் இழுக்கப்பட்ட நிலையிலும் இருக்கும்.

கண்ணாடி உடைவது பெரும்பாலும் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்கள் விரிவதால்தான். மேற்பரப்பு அமுக்கப்பட்டிருப்பதால் அந்தக் கீறல்கள் விரிய இயலாது. எனவே, இந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட 4 முதல் 5 மடங்கு வலிமை பெறுகிறது. கதவை ஓங்கிச் சாத்தினாலும், கை முட்டியால் குத்தினாலும் அது உடையாததற்கு இதுவே காரணம்.

வலிமையே பலவீனமாவது எப்படி?

நாண் ஏற்றிய வில்லைப் போல, டெம்பர்டு கண்ணாடி தனக்குள் விசையைத் தேக்கி வைத்திருக்கிறது. மேற்பரப்பின் அமுக்க அடுக்கை ஏதேனும் ஓரிடத்தில் துளைத்து, இழுவிசை நிலவும் நடுப்பகுதியை விரிசல் எட்டிவிட்டால் அந்த விசை முழுவதும் விடுபடுகிறது. அதன் பிறகு வெளியிலிருந்து எந்த விசையும் தேவையில்லை. விரிசல் தானாகவே கிளை பிரிந்து பரவி, கண்ணாடி முழுவதையும் சிறு துண்டுகளாக்கிவிடும்.

இந்த இயல்பு 17ஆம் நூற்றாண்டிலேயே அறிஞர்களை வியக்கவைத்தது. உருகிய கண்ணாடிச் சொட்டைத் தண்ணீரில் விழவிட்டால் கிடைக்கும் 'ரூபர்ட் இளவரசர் துளி' சுத்தியல் அடியையும் தாங்கும். ஆனால் அதன் வாலை லேசாக ஒடித்தால் முழுத் துளியும் தூளாகிவிடும். 1994இல் எஸ். சந்திரசேகர், எம்.எம். சௌத்ரி ஆகிய ஆய்வாளர்கள் அதிவேகக் கேமரா மூலம் இதைப் பதிவுசெய்தனர். துளிக்குள் விரிசல் நொடிக்கு 1,450 முதல் 1,900 மீட்டர் வரையிலான வேகத்தில் பாய்வது தெரியவந்தது. கார் கண்ணாடியில் நிகழ்வதும் இதே வகையான நிகழ்வுதான். கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகவே அது முடிந்துவிடுகிறது.

எனவே, கண்ணாடியை உடைப்பதற்கு முக்கியமானது அடியின் பலம் அன்று. விசை எவ்வளவு சிறிய பரப்பில் குவிகிறது என்பதும், மோதும் பொருள் கண்ணாடியைவிடக் கடினமானதா என்பதுமே முக்கியம். பெரிய, மழுங்கிய பொருளால் அடித்தால் கண்ணாடி சற்று வளைந்து விசையைப் பரப்பிவிடுகிறது. உண்டிவில்லிலிருந்து பாயும் இரும்புக் குண்டு, கூர்முனைக் கருவி, என்ஜின் ஸ்பார்க் பிளக்கில் உள்ள பீங்கானின் சில்லு போன்றவை விசையை ஒரு புள்ளியில் குவிக்கின்றன. அந்தப் பீங்கானில் உள்ள அலுமினா, கண்ணாடியைவிட மிகவும் கடினமானது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், திருடும் நோக்கத்துடன் இத்தகைய பீங்கான் சில்லுகளை வைத்திருப்பதையே குற்றமாக்கித் தன் தண்டனைச் சட்டத்தில் சேர்த்துள்ளது.

இவ்வகையில் உடையும்போது பெரிய சத்தமும் எழுவதில்லை. பல கார்களில் உள்ள அபாய ஒலிக்கருவி கதவு திறக்கப்படுவதையே கவனிக்கிறது. கண்ணாடி உதிர்ந்த பின் கதவைத் திறக்காமலேயே கையை நுழைத்துப் பையை எடுத்துவிட்டால் அது ஒலிக்காமலும் போகலாம்.

இப்படிப்பட்ட கண்ணாடி எதற்காக?

எளிதில் நொறுங்கும் கண்ணாடியை ஏன் பொருத்த வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. சாதாரணக் கண்ணாடி உடையும்போது கத்தி போன்ற நீண்ட சில்லுகளாகப் பிளக்கும். விபத்தில் அவை கழுத்தையோ கண்ணையோ கிழித்துவிடும். டெம்பர்டு கண்ணாடி கற்கண்டு போன்ற மழுங்கிய சிறு துண்டுகளாக உதிர்வதால் ஆழ்ந்த காயம் ஏற்படும் வாய்ப்பு குறைவு. கார் ஆற்றிலோ குளத்திலோ விழுந்து கதவு திறக்காத நிலையில், உள்ளே இருப்போர் வெளியேறவும் மீட்புப் படையினர் உள்ளே நுழையவும் இந்தக் கண்ணாடியே வழி விடுகிறது. ஆறுகளும் கால்வாய்களும் சாலையை ஒட்டியே ஓடும் இப்பகுதியில் இதன் முக்கியத்துவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கவாட்டிலும் அடுக்குக் கண்ணாடி பொருத்தினால் திருட்டு கடினமாகும் என்பது உண்மை. சில கார்களில் அவ்வாறு பொருத்தப்பட்டும் வருகிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான 'ஏஏஏ' 2019இல் வெளியிட்ட ஆய்வில், அவசரகாலத்தில் கண்ணாடியை உடைக்க உதவும் 6 கருவிகள் சோதிக்கப்பட்டன. அவற்றில் 4 கருவிகள் டெம்பர்டு கண்ணாடியை உடைத்தன. அடுக்குக் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. திருடனை வெளியே நிறுத்தும் கண்ணாடி, ஆபத்தில் சிக்கியவரை உள்ளேயே நிறுத்திவிடவும் கூடும் என்பதால் இதில் எளிய தீர்வு இல்லை.

தமது காரில் எந்த வகைக் கண்ணாடி உள்ளது என்பதை ஒவ்வொருவரும் அறிந்துவைத்திருப்பது நல்லது. கண்ணாடியின் கீழ் மூலையில் பொறிக்கப்பட்டுள்ள குறிப்பில் அது பொதுவாக இடம்பெற்றிருக்கும்.

ஒட்டுத்தாள் ஒட்டலாமா?

கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டப்படும் தாள், கண்ணாடி நொறுங்கினாலும் துண்டுகளைச் சிறிது நேரம் சேர்த்துப் பிடித்திருக்கும். திருடனுக்குத் தேவைப்படும் சில நொடிகள் நீள்வதே ஒரு பாதுகாப்புதான். ஆனால் இதைச் சட்டத்துக்கு உட்பட்டே செய்ய இயலும். முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத ஒளியையும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீத ஒளியையும் ஊடுருவ விட வேண்டும் என்பது விதி.

2012 ஏப்ரல் 27ஆம் தேதி அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், கார் கண்ணாடிகளில் கருப்புத் தாள் ஒட்டுவதற்குத் தடை விதித்தது. பின்னர் 100ஆவது விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தத் திருத்தத்தைச் சுட்டிக்காட்டிய கேரள உயர் நீதிமன்றம், வரையறுக்கப்பட்ட ஒளி ஊடுருவலுக்குக் குறையாத தாள்களை ஒட்டலாம் என்று 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. மாநில எல்லையைக் கடந்து செல்வோர் சோதனையின்போது காட்டுவதற்கு ஏதுவாக, தாளின் தரச் சான்றை வாகனத்தில் வைத்திருப்பது வீண் தகராறைத் தவிர்க்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவு திருட்டுக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. கண்ணாடியை உடைத்துச் சேதப்படுத்தியதற்கு 324ஆவது பிரிவின் கீழ் தனியாகவும் வழக்குத் தொடரலாம். இவற்றைவிட முக்கியமானது 112ஆவது பிரிவு. ஒரு குழுவாக இயங்கிச் செய்யப்படும் சிறு குற்றங்களை 'சிறு திட்டமிட்ட குற்றம்' என வரையறுக்கும் இந்தப் பிரிவு, வாகனத்திலிருந்து திருடுவதையும் அதில் பெயர் சொல்லிச் சேர்த்துள்ளது. இதற்கு ஓராண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

எல்லைப் பகுதி மக்களுக்கு மிகவும் பயன்படுவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு. இதன்படி, காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்' என்று அழைக்கப்படுவது இதுவே. பாறசாலையில் திருட்டு நடந்திருந்து, மார்த்தாண்டம் சென்ற பிறகே அது தெரியவந்தாலும், எல்லையைக் காரணம் காட்டி அங்குள்ள காவல் நிலையம் புகாரை மறுக்க இயலாது. மின்னணு முறையில் அனுப்பிய புகாரில் 3 நாள்களுக்குள் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரர் இலவசமாகப் பெறலாம்.

காப்பீடு எதற்குக் கிடைக்கும்?

உடைந்த கண்ணாடிக்கான இழப்பீடு, வாகனத்தின் சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய விரிவான காப்பீட்டில் மட்டுமே கிடைக்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்போருக்கு எதுவும் கிடைக்காது. கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கப்படுவதில்லை என்பது சாதகமான அம்சம். எனினும், இழப்பீடு கோரினால் அடுத்த ஆண்டுக்கான 'நோ கிளைம் போனஸ்' சலுகை பறிபோகலாம். அந்தச் சலுகை 20 முதல் 50 சதவீதம் வரை இருப்பதால், கண்ணாடியின் விலையையும் இழக்கும் சலுகையையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பது சிறந்தது.

காருக்குள் இருந்த மடிக்கணினி, நகை, ரொக்கம் ஆகியவை வழக்கமான வாகனக் காப்பீட்டில் அடங்காது. தனிப்பட்ட உடைமைகளுக்கான கூடுதல் காப்பீட்டைப் பெற்றிருந்தால் குறிப்பிட்ட பொருள்களுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரை கிடைக்கும். ரொக்கத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

திருட்டு நடந்தால் செய்ய வேண்டியவை

உடைந்த கண்ணாடியைக் கண்டவுடன் அதைக் கூட்டி அள்ளாமல், கதவையோ இருக்கையையோ தொடாமல் முதலில் புகைப்படம் எடுக்க வேண்டும். 112 என்ற அவசர எண்ணில் காவல்துறைக்குத் தகவல் அளிக்க வேண்டும். அருகில் உள்ள கடைகளின் கண்காணிப்பு கேமரா பதிவுகள் சில நாள்களில் தானாகவே அழிந்துவிடக்கூடியவை என்பதால், அவற்றைப் பாதுகாக்குமாறு கடைக்காரர்களிடம் அப்போதே கேட்டுக்கொள்வது விசாரணைக்கு உதவும்.

வங்கி அட்டைகளை உடனே முடக்க வேண்டும். கைப்பேசி திருடப்பட்டிருந்தால், புகார் அளித்த பின் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிந்து கருவியையே செயலிழக்கச் செய்யலாம். கடவுச்சீட்டு தொலைந்திருந்தால் புதிய கடவுச்சீட்டு பெறுவதற்குக் காவல்துறைப் புகாரின் நகல் தேவைப்படும். காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் பார்வையிடும் முன்பு கண்ணாடியை மாற்றக் கூடாது.

தடுப்பதற்கு எளிய வழிகள்

திருடன் கண்ணாடியை உடைப்பதற்கு முன் அதன் வழியாக உள்ளே பார்க்கிறான். இருக்கையில் கிடக்கும் பை காலியாக இருந்தாலும், அது காலி என்பது வெளியிலிருந்து தெரியாது. மடிக்கணினிப் பை, கைப்பை, சார்ஜர் கம்பி, டேஷ்போர்டில் கிடக்கும் சில்லறை என எதுவும் கண்ணில் படாமல் காரை நிறுத்துவதே முதன்மையான பாதுகாப்பு. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தையும், கண்காணிப்பு கேமராவின் பார்வையில் படும் இடத்தையும் தேர்ந்தெடுக்கலாம். வங்கியில் பணம் எடுத்துத் திரும்பும்போது வழியில் வேறெங்கும் நிறுத்தாமல் செல்வது நல்லது.

கவனத்தைத் திசைதிருப்பும் உத்திகளையும் அறிந்திருக்க வேண்டும். டயரில் காற்று இறங்கிவிட்டது, என்ஜினிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது, கீழே பணம் கிடக்கிறது என்று முன்பின் அறியாதவர் கூறினால், இறங்குவதற்கு முன் பையைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுகளைப் பூட்ட வேண்டும்.

பொருள்களை டிக்கியில் வைப்பவர்களும் ஒரு தவறைச் செய்கின்றனர். நிறுத்துமிடத்துக்கு வந்து இறங்கிய பிறகு, அனைவரும் பார்க்க டிக்கியைத் திறந்து பையை வைக்கின்றனர். அங்கே கவனித்துக்கொண்டிருப்பவருக்குப் பொருள் எங்கே இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. வீட்டிலிருந்து புறப்படும்போதே டிக்கியில் வைத்துவிடுவதே சரியான முறை. அருவிப்புரத்தில் ஆற்றில் இறங்க வருவோர் கடவுச்சீட்டையும் நகையையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். குடும்பமாக வருவோர் கைப்பேசிகளையும் பணத்தையும் கரையில் நிற்கும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, முறைவைத்து நீராடுவது பூட்டிய காரைவிடப் பாதுகாப்பானது.